நம்மவன் குற்றவாளியானால் நாம் யார் பக்கம்?

 

  

இன்றைய நற்சிந்தனையில் கசப்பான ஒரு வினாவை உங்கள் முன் வைக்க நாடுகின்றேன். கொடிய வன்முறைக் குற்றமொன்று நிகழும்போது ஒரு சமூகம் என்ன செய்ய வேண்டும்? குற்றவாளி அந்நியனாயின் விடை எளிது. ஆத்திரப்படுவோம், நீதி கேட்போம், கடைகளை அடைத்து வீதியில் இறங்குவோம். ஆனால் அவன் நம்மோடு ஒரே ஸஃப்பில் நின்று தொழுதவனாக, நமது மொழியிலேயே ஸலாம் சொன்னவனாக இருந்துவிட்டால்? அப்போது நாம் யார் பக்கம் நிற்போம்?

இது ஏட்டளவிலான வினாவன்று. நமது கல்முனைக் கரையோரத்து மக்கள் ஓரிரவில் இதற்கு விடை சொல்ல நேர்ந்தது.

சாய்ந்தமருதின் அந்த வெள்ளிக்கிழமை

2019 ஏப்ரல் 21ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடையிலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும், நமது அயல் நகரான மட்டக்களப்பின் சீயோன் தேவாலயத்திலும் வழிபாட்டில் இருந்தோர் மீதும், தலைநகரின் பெரிய ஹோட்டல்களில் இருந்தோர் மீதும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிக்கப்பட்டன. சீயோனில் மாண்டோரில் பலர் சின்னஞ் சிறார்கள். இதனைச் செய்தோர் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக் கொண்டே செய்தனர். தலைமை தாங்கிய ஸஹ்ரான் ஹாஷிம் காத்தான்குடியில் பிறந்தவன்.

ஐந்து நாட்கள் கழிந்தன. ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை. சாய்ந்தமருதில் வொலிவேரியன் கிராமம் என்றொரு குடியிருப்பு உண்டு. 2004 டிசம்பர் 26இல் கடல் கொண்டு போனதுபோக எஞ்சிய குடும்பங்களுக்காக எழுந்த வீடுகள் அவை. அங்கே புதிதாக வாடகைக்கு வந்தோர் மீது அயலவர்க்கு ஐயம் எழுந்தது. விசாரித்தார்கள். ஐயம் வலுத்தது. தகவல் பொலிஸாரைச் சென்றடைந்தது. இரவு படையினர் வீட்டைச் சூழ்ந்தபோது துப்பாக்கிச் சூடும், அடுத்தடுத்து வெடிப்புக்களும் நிகழ்ந்தன. உள்ளிருந்தோர் தம்மோடு தம் குழந்தைகளையும் சேர்த்து மாய்த்துக் கொண்டனர். ஆறு குழந்தைகள் உட்படப் பதினைவருக்குக் குறையாதோர் அங்கே மடிந்தனர். இறந்தவர்களுள் ஸஹ்ரானின் தந்தையும் உடன்பிறந்தோரும் அடங்குவர். அவனது மனைவியும் மகளும் காயங்களுடன் உயிர் தப்பினர்.

நேயர்களே! அந்த வீட்டை முதலில் கண்டுகொண்டது இராணுவமோ உளவுப் பிரிவோ அல்ல. சுனாமியில் அனைத்தையும் இழந்து, அரச வீட்டுத் திட்டத்தில் குடியிருந்த சாதாரண முஸ்லிம் மக்களே அவர்கள். அந்த மாலையில் அவர்களது மனங்களில் எத்தனை தராசுகள் ஆடியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். வந்திருப்போர் முஸ்லிம்கள், பெண்களும் குழந்தைகளும் உடன் இருக்கின்றனர். நாடே நம்மை நோக்கி விரல் நீட்டும் வேளையில் நாமே நம்மவரைப் பொலிஸில் ஒப்படைப்பதா? பிழையாகிப் போனால் ஒரு குடும்பம் பாழாகாதா? உண்மையாகிப் போனால் நமது தலை தப்புமா? இத்தனைக்கும் பிறகு அவர்கள் வாய் திறந்தார்கள். அவ்வீட்டில் இருந்த வெடிபொருட்கள் இன்னொரு தேவாலயத்தையோ, விகாரையையோ, பள்ளிவாசலையோ சென்றடையவில்லை.

காட்டிக் கொடுத்தலும் சாட்சி சொல்லுதலும்

நமது பிரதேசத்தில் 'காட்டிக் கொடுத்தல்' என்னும் சொல்லுக்கு இரத்த வாடை உண்டு. யுத்த காலத்தில் முகத்தை மறைத்துக் கொண்டு வரிசையில் நின்றோரைப் பார்த்துத் தலையசைத்த 'தலையாட்டி'களை மூத்தோர் மறக்கமாட்டார்கள். அந்த ஒரு தலையசைப்பில் எத்தனையோ நிரபராதிகள் வீடு திரும்பாமற் போயினர். ஆகவே, தகவல் சொல்வது என்றாலே நமது மக்கள் அஞ்சுவதிலும் அருவருப்பதிலும் நியாயம் இருக்கின்றது.

ஆயினும் இரண்டையும் பிரித்தறிய வேண்டியது நமது கடமை. தலையாட்டி முகத்தை மறைத்தான், காரணம் சொல்லவில்லை, பழி தீர்க்கவோ உயிர் தப்பவோ அடுத்தவனைப் பலி கொடுத்தான். சாட்சி சொல்பவர் தாம் கண்டதை மட்டும் சொல்கின்றார்; தாம் காணாததைச் சொல்வதில்லை; ஓர் உயிரைக் காப்பதற்காகச் சொல்கின்றார். முன்னது நயவஞ்சகம், பின்னது மார்க்கக் கடமை.

சூரத்துன் நிஸாவின் 105ஆம் வசனம் தொடக்கம் வரும் பகுதி அருளப்பட்ட பின்னணியைத் தப்ஸீர் நூல்கள் எடுத்துரைக்கின்றன. மதீனாவில் ஒரு வீட்டிலிருந்து கவச உடை களவு போனது. களவெடுத்தவன் முஸ்லிம் என்று பெயர் பெற்றிருந்த உபைரிக் குடும்பத்தான். அகப்பட்டுக் கொள்வோம் என்று அஞ்சிய அவன், பொருளை ஒரு யூதரிடம் சேர்த்துவிட்டுப் பழியை அவர் தலையில் போட்டான். அவனது குலத்தார் திரண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தம்மவனுக்காக வாதாடினார்கள். வெளித்தோற்றத்தில் சான்றுகளும் யூதருக்கு எதிராகவே இருந்தன. அவ்வேளையில் இறங்கிய வஹீ, யூதரை நிரபராதி என்று விடுவித்தது. துரோகிகளுக்காக வாதாடுவதைக் கண்டித்தது.

அக்காலச் சூழலை நினைத்துப் பாருங்கள். முஸ்லிம் சமூகம் சிறியது; நாற்புறமும் பகை. 'இந்த நேரத்தில் நம்மவனை விட்டுக் கொடுத்தால் எதிரி சிரிப்பான்' என்னும் வாதம் அன்று இன்றைவிடப் பலமாக எடுபட்டிருக்கும். ஆனாலும், சமூகத்தின் மானத்தைக் காக்கும் பொருட்டு ஒரு நிரபராதியின் மானத்தைப் பலியிட இறைவன் இடம் தரவில்லை. கியாமத் நாள் வரை ஓதப்படும் வேதத்தில் அந்த நிகழ்வைப் பதித்து வைத்தான். அதே அத்தியாயம் பின்னர், சாட்சியம் உங்களுக்கோ உங்கள் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாயினும் நீதியில் நிலைத்திருக்குமாறு நம்மைப் பணிக்கின்றது.

அநியாயம் இழைக்கும் சகோதரனுக்கும் உதவ வேண்டும் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கற்பித்தபோது தோழர்கள் வியந்தார்கள். அவனது அநியாயத்தைத் தடுத்து நிறுத்துவதே அவனுக்குச் செய்யும் உதவி என்று அன்னார் விளக்கினார்கள். சொந்தச் சகோதரன் கத்தியை ஓங்கும்போது அவன் கையைப் பிடிப்பவனே அவனுக்கு உண்மையான சகோதரன்.

எச்சரித்தவர்களும் கேளாச் செவிகளும்

'முஸ்லிம்கள் அனைவரும் அறிந்திருந்தும் மறைத்தார்கள்' என்று பின்னர் பலர் சொன்னார்கள். அது உண்மைக்கு மாறானது. 2017 மார்ச் மாதம் காத்தான்குடியில் ஸஹ்ரானின் குழுவினர் ஸூபி வழியினருடன் மோதியபோது, பாதிக்கப்பட்ட முஸ்லிம்களே அவனுக்கெதிராக முறையிட்டார்கள். அவன் தலைமறைவானான். 2018 டிசம்பரில் மாவனல்லையில் புத்தர் சிலைகள் சேதப்படுத்தப்பட்டபோது, சம்பந்தப்பட்டோரை இனங்காணப் பொலிஸாருக்கு உதவியவர்களுள் முஸ்லிம்கள் இருந்தனர். அந்த விசாரணையே 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் வெடிபொருட்கள் கண்டெடுக்கப்படுவதற்கு வழி கோலியது. அவ்வாறு உதவிய ஒருவர் 2019 மார்ச் மாதம் தமது வீட்டில் தலையில் சுடப்பட்டார். அல்லாஹ்வின் நாட்டத்தால் உயிர் பிழைத்தாலும் அதன்பின் அவரது வாழ்வு முன்போல் இருக்கவில்லை.

எச்சரிக்கைகள் அரசின் மேல்மட்டத்தையும் எட்டியிருந்தன. தாக்குதலைத் தடுக்கத் தவறியமைக்காக, 2023 ஜனவரி 12ஆம் திகதி உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பத்துக் கோடி ரூபாய் இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. பாதுகாப்புத் துறையின் உயர் அதிகாரிகளும் இழப்பீடு செலுத்துமாறு பணிக்கப்பட்டனர்.

'சொல்லியும் பயனில்லையே, பின் ஏன் சொல்ல வேண்டும்?' என்று ஓர் இளைஞர் கேட்கலாம். சொன்னவரின் பொறுப்பு அல்லாஹ்விடம் நிறைவேறிவிட்டது, கேளாதவரின் பொறுப்பு உலக நீதிமன்றத்திலும் விசாரிக்கப்பட்டது, மறுமையிலும் விசாரிக்கப்படும். மௌனமாக இருந்தவருக்கோ இரண்டிடத்திலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

மையவாடியின் வாயிலில்

தாக்குதலுக்குப் பின் அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா தற்கொலைதாரிகளின் உடல்களை ஏற்கப் போவதில்லை என அறிவித்தது. சாய்ந்தமருது மக்களும் தமது மையவாடியில் அவர்களுக்கு இடமளிக்க மறுத்தனர். 2008 நவம்பரில் மும்பையில் பலரைக் கொன்று மாண்ட ஒன்பது பேரின் உடல்களை அந்நகர முஸ்லிம்களும் தம் அடக்கஸ்தலத்தில் ஏற்க மறுத்திருந்தனர்.

ஒரு ஜனாஸாவின் பெறுமதியை அறியாத சமூகமல்ல நாம். 2020இல் கொவிட் தொற்றில் இறந்தோரை எரித்தபோது, ஒரு பிடி மண்ணுக்காக நாம் அழுத அழுகையை நாடறியும். அத்தகைய நாம் மையவாடியின் கதவை அடைத்தோம் என்றால், 'இச்செயலில் எங்களுக்குப் பங்கில்லை' என்பதை அதைவிட அழுத்தமாகச் சொல்ல வேறு மொழி இருக்கவில்லை.

ஆயினும் பெற்றோர்களே, ஒன்றைச் சிந்தியுங்கள். மையவாடியின் வாயிலில் மறுப்பது கடைசிக் கட்டம். அதற்கு முன்னர் வீட்டு வாயில் இருந்தது. மத்ரஸா வாயில் இருந்தது. பள்ளிவாசலின் வாயில் இருந்தது. அங்கெல்லாம் தட்டிக் கேட்டிருந்தால் மையவாடி வரை போக வேண்டிய தேவை எழுந்திராது.

ஒருவன் சுமையை மற்றொருவன் சுமப்பதா?

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். 2019 மே 13ஆம் திகதி குளியாப்பிட்டி, மினுவாங்கொடை முதலிய இடங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கொட்டாரமுல்லையில் மரவேலைத் தொழிலாளி ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் எந்தக் குண்டையும் செய்தவரல்லர். குருநாகல் வைத்தியர் ஷாபி மீது, ஆயிரக்கணக்கான பெண்களுக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற அபாண்டம் சுமத்தப்பட்டது. அது நிரூபிக்கப்படவில்லை. மீண்டும் சேவையில் இணைக்கப்பட்ட அவர், 2022இல் நாடு மருந்தின்றித் தவித்தபோது தமக்குக் கிடைத்த நிலுவைச் சம்பளத்தை மருந்துக் கொள்வனவுக்கே வழங்கினார். அதற்கு முந்திய ஆண்டில், 2018 பெப்ரவரி 26 இரவு, நமது மாவட்டத்தின் தலைநகரான அம்பாறையில் உணவில் கருத்தடை மாத்திரை கலந்ததாக எழுந்த வதந்தியால் பள்ளிவாசலும் கடைகளும் சேதமாக்கப்பட்டன. அரச பகுப்பாய்வில் அது வெறும் மாப்பொருள் என்று தெரிய வந்தது.

ஒருவரது பாவச் சுமையை மற்றொருவர் சுமக்கமாட்டார் என்பது குர்ஆன் பல இடங்களில் நிலைநாட்டும் நியதி. அந்த நியதியை நமக்காக நாம் உரத்துக் கேட்டோம். கேட்டது சரியே. ஆனால் நாம் அதைப் பிறருக்கு வழங்கியிருக்கின்றோமா?

1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலைப் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஏறாவூர் அடுத்த நாட்களில் இரத்தத்தில் நனைந்தது. நமது கண்ணீர் நியாயமானது. அதே ஆகஸ்ட் மாதத்தில், நமக்கு மிக அண்மையில் உள்ள வீரமுனையில், பிள்ளையார் கோயிலில் தஞ்சமடைந்திருந்த தமிழ் மக்கள் கொல்லப்பட்டனர். முஸ்லிம் ஊர்காவற் படையினரின் கை அதில் இருந்தது என்று அம்மக்கள் இன்றளவும் சொல்கின்றனர். காத்தான்குடியை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம், வீரமுனையைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை சொன்னதுண்டா? தொழுகையில் சுடப்பட்ட ஷுஹதாக்களின் ஊரிலிருந்தே, வழிபாட்டில் இருந்தோரைக் கொன்றவனும் பிறந்தான். துயரம் தானாக ஒருவனை நல்லவனாக்கிவிடாது. பிறர் துயரையும் தன் துயராக உணரக் கற்பித்தால் மாத்திரமே அது படிப்பினையாகும்.

இன்னுமொன்று. குற்றவாளிகளுக்கும் உற்றார் உறவினர் உண்டு. அவர்களிற் பலர் எதையும் அறியாதவர்கள். 'அவனது மாமி', 'இவனது மருமகன்' என்று வீதியில் விரல் நீட்டி, பாடசாலையில் அப்பிள்ளைகளின் அருகே அமரத் தயங்கினால், மே 13இல் நமக்கு இழைக்கப்பட்டதையே நாமும் சிறிய அளவில் இழைக்கின்றோம். தந்தையின் பாவத்துக்காகப் பிள்ளையை ஒதுக்குவது இஸ்லாமிய நீதியன்று. ஒதுக்கப்பட்ட பிள்ளையைத்தான் அடுத்த வழிகேடன் தேடி வருவான்.

கப்பலின் அடித்தட்டு

ஒரு கப்பலின் மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் பயணித்தோரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் கூறிய உவமை ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவானேன் என்று எண்ணிய கீழ்த்தட்டார், தம் பகுதியில் துளையிட நினைத்தனர். மேலோர் அவர்களைத் தடுத்தால் எல்லோரும் பிழைப்பர். 'அது அவர்கள் இடம்' என்று விட்டுவிட்டால் எல்லோரும் மூழ்குவர்.

கடலோடிகளான நமக்கு இதை விளக்கத் தேவையில்லை. தோணியில் ஒருவன் பலகையைப் பெயர்க்கும்போது, 'அவன் இருக்கும் பக்கம் தானே' என்று வலை பின்னிக் கொண்டிருப்பவர் யாருமில்லை. உவமையில் துளையிட நினைத்தோர் தீய எண்ணம் கொண்டிருந்ததாகச் சொல்லப்படவில்லை என்பதையும் கவனியுங்கள். அவர்கள் தாம் நல்லதைச் செய்வதாகவே நம்பினார்கள். நமது இளைஞர்களை வழிகெடுப்போர், மார்க்கப் பற்று என்னும் நல்லெண்ணத்தின் வழியாகவே உள்ளே நுழைகின்றனர். எனவே தடுக்கும் கை வலிமையானதாக மட்டுமன்றி அன்பானதாகவும் இருத்தல் வேண்டும்.

செய்ய வேண்டியவை

பெற்றோர்களே! உங்கள் மகன் தாடி வளர்ப்பதோ தஹஜ்ஜுத் தொழுவதோ உங்களை அச்சுறுத்த வேண்டியதில்லை, அதற்காக மகிழுங்கள். ஆனால் அவன் பெற்ற உம்மாவையே காபிர் என்கின்றானா? சொந்தக்காரரின் ஜனாஸாவிலும் கலந்துகொள்ள மறுக்கின்றானா? படிப்பை விட்டு, யாரென்று சொல்லாத உஸ்தாதின் பின்னால் போகின்றானா? கணக்கில்லாத பணம் கைக்கு வருகின்றதா? அன்றைக்கே அவனோடு அமர்ந்து பேசுங்கள். விரட்டிவிடாதீர்கள், விரட்டப்பட்டவன் நேரே அவர்களிடமே போவான். நம்பகமான ஆலிம் ஒருவரை அழைத்துப் பேச வையுங்கள். ஆயுதம், வெடிபொருள் என்ற பேச்சு ஒருமுறை காதில் விழுந்தாலும் பிறகு தாமதிக்கக் கூடாது. மகனைக் காப்பாற்றும் வழியும் அதுவே.

ஊர்ப் பெரியார்களே! ஒரு முறைப்பாடு தனி மனிதனின் தலையில் விழாதவாறு பார்த்துக் கொள்ளுங்கள். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர் இருவர் மூவர் உடன் செல்லட்டும். முறைப்பாட்டின் இலக்கத்தையும் திகதியையும் எழுதி வையுங்கள். பொலிஸ் நிலையத்தில் கேளாவிடில் மேலதிகாரியிடம் செல்லுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்தியக் காரியாலயம் கல்முனையிலேயே இருக்கின்றது. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் இயற்றப்பட்ட சட்டத்துக்குப் பதிலாக 2023இல் புதிய சட்டம் வந்துள்ளது. அதன் கீழ் பாதுகாப்புக் கோருவது உங்கள் உரிமை. வீட்டை வாடகைக்கு விடுவோர் குடிவருவோரின் அடையாள அட்டைப் பிரதியைப் பெற்று, கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள்.

இளைஞர்களே! கையடக்கத் தொலைபேசியில் வருவதெல்லாம் செய்தியாகிவிடாது. அம்பாறையை எரித்தது ஒரு சிறு வீடியோ. நாளை நமது கையில் அப்படியொன்று வரும்போது, அது தமிழரைப் பற்றியதாக இருந்தாலும் சிங்களவரைப் பற்றியதாக இருந்தாலும், உறுதி செய்யாமல் அனுப்பாதீர்கள். இறந்தோரின் சிதைந்த உடல்களின் படங்களைப் பரப்பாதீர்கள். சந்தேகத்தைச் சந்தேகமாகச் சொல்லுங்கள். கண்டதைக் கண்டதாகச் சொல்லுங்கள். சொந்தக் கோபத்துக்காக ஒருவனைத் தீவிரவாதி என்று எழுதிக் கொடுப்பவன் பழைய தலையாட்டியின் வாரிசு.

இவையெல்லாம் குண்டு வைப்போருக்கு மட்டுமான பாடங்களல்ல. ஐஸ் போதைப் பொருள் விற்பவன், வாள் ஏந்தி அடிதடி செய்யும் கும்பல், வீட்டுக்குள் மனைவியை வதைப்பவன் ஆகிய இவர்களும் 'நம்ம ஆள்' என்ற போர்வைக்குள்ளேயே ஒளிந்திருக்கின்றனர். அப்போர்வையை அவர்களுக்கு இரவல் கொடுப்பவர்கள் நாமே.

அன்பு நேயர்களே! வொலிவேரியன் கிராமத்து மக்கள் அறிஞர்களல்லர், அதிகாரம் உடையோருமல்லர். ஆனால் அந்த வெள்ளிக்கிழமையன்று, குலத்தின் பக்கமா நீதியின் பக்கமா என்ற வினா வந்தபோது அவர்கள் நீதியின் பக்கம் நின்றார்கள். அந்த வினா நமது வாசலுக்கும் வரும். எப்போது, யாருடைய உருவில் வரும் என்பதை அல்லாஹ்வே அறிவான்.

யா அல்லாஹ்! நமது பிள்ளைகளை வழிகேட்டிலிருந்து காப்பாயாக. எங்களுக்கே பாதகமாயினும் உண்மையைச் சொல்லும் துணிவை எங்களுக்குத் தருவாயாக. எம்மாலோ எம்மவராலோ அநீதி இழைக்கப்பட்டவர்களின் உள்ளங்களுக்கு ஆறுதல் அளிப்பாயாக. எம் ஊர்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் ஒருவர் மற்றவரின் உயிருக்கும் மானத்துக்கும் காவலராய் வாழ அருள் புரிவாயாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு.